தீபத் திருவிழாவில் உணவுக் கடையைப் படமெடுத்தல்

திருவண்ணாமலையில் உணவுக் கடைக்கு விளம்பர வீடியோ எடுக்க ஆண்டு முழுவதும் நாள் கிடைக்கும். மாதந்தோறும் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்புகிறது. சித்ரா பௌர்ணமிக்கு இன்னும் கூடுதலாக நிரம்புகிறது. கடைக்காரர்கள் கேட்பதோ பெரும்பாலும் ஒரே ஒரு நாளை. கார்த்திகை தீபத்தன்று, மலைமேல் ஜோதி தெரிய, முன்னால் அண்டாவில் ஆவி பறக்க, சுற்றிலும் ஜனம் மொய்க்க எடுத்துத் தர வேண்டும் என்பார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மாலையில் எடுக்க முடிவது மிகக் கொஞ்சம். வீடியோவுக்குத் தேவையானதில் முக்கால் பங்கு அதற்கு முன்னாலோ பின்னாலோ எடுக்கப்பட வேண்டியது. எது எந்த நாளுக்கு உரியது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாளைப் பிரித்துக்கொள்வது

தீபத் திருவிழா 10 நாள் நடக்கிறது. அருணாசலேசுவரர் கோயிலின் தங்கக் கொடிமரத்தில் கொடியேறுவது முதல் நாள். ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேரோட்டம். பத்தாம் நாள் விடியற்காலை 4 மணிக்குப் பரணி தீபம். அன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம். அதற்குப் பிறகு மூன்று நாள் ஐயங்குளத்தில் தெப்பம். உச்சியில் ஏற்றிய ஜோதி 11 நாள் எரியும்.

படமெடுப்பவர் கண்ணுக்கு இந்த நாட்கள் ஒன்றுபோல இல்லை. கொடியேற்றத்திலிருந்து ஆறாம் நாள் வரை மாட வீதிகளில் சுவாமி புறப்பாட்டு நேரத்தில்தான் கூட்டம் கெட்டியாகிறது. பகலில் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் கேமரா வைக்க இடம் இருக்கும், சரியாக வராததை இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லலாம். பலகாரம், பேட்டி, கடையின் முகப்பு எல்லாம் இந்த நாட்களுக்கு உரியவை. தேர் நாளில் காலை தொடங்கி இரவு வரை ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்கள் வருவதால் மாட வீதிக் கடைகள் கூட்டத்துக்குள் அடைபட்டுவிடும். ஒரு மாடியில் முன்கூட்டியே இடம் பிடித்து, அங்கிருந்து எடுப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

தீப நாளன்று எடுக்க வேண்டியவை மூன்றே மூன்று: கடை முன்னால் கூட்டம் நகர்வது, கை நீட்டி வாங்குவது, மகாதீபம் ஏறும் நேரத்தில் கடை இருக்கும் நிலை. மூன்றாவது எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும். 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால் வியாபாரம் நின்றுவிடுகிறது. வாங்குபவரும் விற்பவரும் மலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள். வாணலியை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பும் மாஸ்டரிடம் அப்போது போய்க் கேமராவைப் பார்க்கச் சொல்பவருக்கு அந்த ஊரில் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம். திரும்பி நிற்கும் முதுகுகளையும் ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பையும் அப்படியே எடுத்தால் போதும். அரோகரா கோஷம் தானாகவே ஒலிப்பதிவில் வந்து சேரும்.

ஜோதியும் கடையும் ஒரே ஷாட்டில் தெரிவதற்கு அந்த மாலையில் மல்லுக்கட்டத் தேவையே இல்லை. ஜோதி எரிகிற 11 நாளில், கூட்டம் வடிந்த ஏதாவது ஒரு மாலையில் அதை நிதானமாக எடுக்கலாம். செல்பேசியின் சாதாரண லென்ஸில் உச்சி ஜோதி வெறும் புள்ளியாகத்தான் விழும். அது ஜோதியாகத் தெரிய 200 மில்லிமீட்டர் அளவுக்கு நீளமான லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸில் கடையும் அடங்க வேண்டுமானால் கேமரா கடையை விட்டு நெடுந்தூரம் பின்னால் போக வேண்டும். தீப நாளில் அவ்வளவு இடைவெளி கிடைக்காது, மூன்று நாள் கழித்துக் கிடைக்கும். மலை அடிவாரத்திலிருந்து செங்குத்தாக எழுவதால் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் பெயர்ப்பலகையும் உச்சியும் ஒரே சட்டத்துக்குள் வரும். ரீல்ஸுக்கான நெட்டுவாக்குச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் வரப்பிரசாதம்: கீழே கடை, மேலே மலை. எல்லாக் கடையிலிருந்தும் உச்சி தெரிவதில்லை. சில இடங்களில் முன்னால் இருக்கும் சரிவு மறைத்துவிடும். முந்தைய பௌர்ணமியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

யாரிடம் கேட்பது, எங்கே நுழையக் கூடாது

முதலில் கடையின் காகிதங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி தள்ளுவண்டிக்காரரும் பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டும். அது இல்லாத கடையை விளம்பரப்படுத்துவது, அதிகாரியைக் கைப்பிடித்துக் கூட்டிவருவதற்குச் சமம். சான்று இருந்தால் கடையில் கண்ணில் படும்படி மாட்டி, முகப்பு ஷாட்டில் ஓரமாக வரச் செய்யலாம். பார்ப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

கோயிலுக்குள் படமெடுப்பது கணக்கிலேயே இல்லை. தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசி கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ராஜகோபுரத்தை வெளியே தெருவிலிருந்து பின்னணியாகக் காட்டுவது வேறு, உள்ளே எடுத்தது போலக் காட்டுவது வேறு. ஆசிரமங்களின் மதிலுக்குள் அந்தந்த நிர்வாகத்தின் விதி செல்லும். கேட்காமல் கேமராவை எடுக்கக் கூடாது.

ட்ரோன் கேட்காத கடைக்காரர் அபூர்வம். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி எந்த வான்பரப்பு பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்று டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தாலும் திருவிழாக் காலத்தில் அங்கே காவல்துறை சொல்வதுதான் முடிவு. கூட்டத்தின் தலைக்கு மேல் நான்கு விசிறி சுற்றுவது விளையாட்டுக் காரியம் இல்லை. மாடியிலிருந்து எடுத்த ஷாட் பெரும்பாலும் அதே வேலையைச் செய்துவிடும்.

மலையேறி எடுக்கும் திட்டமும் வேண்டாம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெருமழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த டிசம்பர் 13-ஆம் தேதி மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அனுமதி கிடைக்கும் என்று நம்பி விளம்பரத்தின் முக்கியமான ஷாட்டை அங்கே வைப்பது கெட்ட திட்டம்.

சாலையில் விளக்கு நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு எடுப்பதானால் மாநகராட்சியிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். கையில் ஒரு கேமராவோடு இரண்டு பேர் கடையின் எல்லைக்குள் நின்று எடுப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது நடைமுறை. தீபத்தையொட்டிய இரண்டு மூன்று நாட்களில் அந்தச் சலுகையை நம்பக் கூடாது.

விற்கும் சோறும் வழங்கும் சோறும்

இந்த ஊரில் உணவு வீடியோ எடுப்பவரைப் பெரிதாகச் சறுக்கவிடும் இடம் இதுதான். கிரிவலப் பாதையில் காசுக்கு விற்கும் உணவும் அன்னதானமும் பத்தடி தூரத்தில் பக்கம்பக்கமாக நடக்கின்றன. பாக்குமட்டைத் தட்டில் விழும் சாம்பார் சாதமும், தொன்னையில் நெய் மினுக்கும் சர்க்கரைப் பொங்கலும், நீளும் நூறு கைகளும் கேமராவுக்கு விருந்து. எந்தக் கடையும் அப்படி ஒரு காட்சியைக் காசு கொடுத்து ஏற்பாடு செய்ய முடியாது. அதை எடுத்துக் கடை விளம்பரத்தில் ஒட்டினால், தானம் வாங்கச் சாப்பாட்டு வரிசையில் நின்றவர் அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அது பொய். அதோடு, பசிக்கு வாங்கியவரின் முகத்தை வியாபாரத்துக்கு விற்ற கதையாகவும் ஆகிறது. கடை வீடியோவில் அன்னதானக் காட்சி வரவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

அன்னதானமே வீடியோவின் பொருளாக இருப்பதும் உண்டு. ஒரு நிறுவனமோ குடும்பமோ அன்னதானம் செய்து, அதை வீடியோவாக வைத்துக்கொள்ள விரும்பலாம். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் அன்னதானம் செய்பவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பாதையில் அடுப்பு மூட்டாமல் வேறிடத்தில் சமைத்து, ஒதுக்கப்பட்ட இடத்தில் வழங்குவது வழக்கமான நிபந்தனை. ஆகவே படப்பிடிப்பும் இரண்டு இடத்தில் நடக்கும். சமையல் மண்டபத்தில் நள்ளிரவிலேயே வேலை தொடங்கிவிடும்: காய் நறுக்கும் பெண்கள், துடுப்பு போடும் சமையல்காரர், சோறு வடிக்கும் ஆவி. வீடியோவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வழங்குமிடத்தில் அண்டாவையும் கரண்டியையும் பரிமாறும் கைகளையும் வாங்கும் கைகளையும் எடுத்தால் போதும். வாங்குபவரின் முகம் வேண்டாம்.

பாதையோரத்துச் சாதுக்களை அலங்காரப் பொருளாக நினைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். தலையசைக்காவிட்டால் கேமரா இறங்க வேண்டும். பத்து ரூபாய் கொடுத்துக் கையில் சுக்கு காபியைப் பிடிக்கவைத்து எடுப்பது அனுமதி வாங்கியதாக ஆகாது.

கடையில் உண்மையாகவே வாங்கிச் சாப்பிடுபவர்களின் முகம் வேண்டுமானால், அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு கேட்பது மரியாதை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் நிறைய வருவார்கள். அவர்களைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு ஐயா, அம்மா. “ஐயா, இந்தக் கடை விளம்பரத்துக்கு எடுக்கிறோம். யூடியூப்ல வரும். நீங்க சாப்பிட்டது, சொன்னது போடலாங்களா?” என்று கேட்டு, அவர் சரி சொல்வதையும் சேர்த்துப் பதிவுசெய்துகொண்டால் காகிதம் வேண்டியதில்லை. விளம்பரம் என்ற சொல்லை விழுங்கிவிட்டுக் கேட்டால் அது அனுமதி இல்லை. குழந்தைகளின் முகத்துக்குப் பெற்றவர் சொல்ல வேண்டும்.

வெளிச்சம்

கோயிலும் ஊரின் பெரும்பகுதியும் மலையின் கிழக்கே இருக்கின்றன. காலை வெயில் மலைமுகத்தில் நேராக விழும்; பின்னணியில் மலை செக்கச் சிவந்து தெரிய வேண்டுமானால் அதிகாலைதான் நேரம். மாலையில் மலை எதிர்வெயிலில் கருத்த வடிவாக மாறிவிடும்; ஊர்ப் பக்கம் வெயிலும் சீக்கிரம் மங்கும். மேற்கே ஆதி அண்ணாமலைப் பக்கம் இதற்கு எதிர். அங்கே சாயங்கால வெயில் கடைசிவரை நிற்கும். கார்த்திகையில் சூரியன் 6 மணிக்கு முன்பே மறைந்துவிடுவதால், மகாதீப நேரத்தில் வானத்தில் மிச்ச நீலம் கொஞ்சம் இருக்கும். அந்தக் கால் மணி நேரம் கடந்தால் வானம் வெறும் கறுப்பு.

ஆவி கேமராவில் தெரிவதற்கு ஒரே வழிதான்: வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டான ஏதாவது இருக்க வேண்டும். முன்னாலிருந்து விளக்கடித்தால் கொதிக்கும் அண்டாவும் ஆறின அண்டா மாதிரிதான் தெரியும். செங்கம் சாலைக் கடைகளில் மாலை 4 மணி வெயிலை எதிரே வைத்துக்கொண்டு, அண்டாவுக்குப் பின்னால் ஒரு கருநீலத் துணியோ மூடிய கதவோ வரும்படி நின்றால் ஆவி அழகாக எழும். இரவில் சின்னதொரு பேட்டரி விளக்கை அடுப்புக்குப் பின்பக்கம், கேமராவின் கண்ணுக்குப் படாமல் வைத்தால் போதும்.

இரவுக் கடைகளின் பெரும் தொல்லை நிறம். மேலே வெள்ளை எல்.இ.டி. ட்யூப், ஓரத்தில் மஞ்சள் பல்பு, முகப்பில் பச்சையும் நீலமுமாக சீரியல் செட். இவை எல்லாம் சேர்ந்து எலுமிச்சை சாதத்தைப் பாசி நிறமாக்கிவிடும். கடைக்காரரிடம் சொல்லி வாணலிக்கு மேலே தொங்கும் வண்ண விளக்கைக் கொஞ்ச நேரம் கழற்றிவைக்க வேண்டும், பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். கேமராவில் நிறச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் கையால் நிறுத்த வேண்டும். கொண்டுபோகும் விளக்கு நிறத்தை உள்ளபடி காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்; அதன் பெட்டியில் நிறத்துல்லியம் 95-க்கு மேல் என்று போட்டிருக்கும்.

அடுத்தது மினுக்கல். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் அது பதிவில் தெரியாது. எண்ணெயில் அப்பம் குதிப்பதை மெதுவாகக் காட்ட 120 ஃப்ரேமில் எடுத்தால் வீடியோ முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். கேமராவில் 100 ஃப்ரேம் இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் மெதுவான ஷாட்டுகளைப் பகல் வெயிலில் முடித்துவிட வேண்டும்.

பொரி உருண்டை: ஒரு பலகாரத்தை எடுக்கும் விதம்

கார்த்திகைக்கு என்றே உரிய பலகாரம் பொரி உருண்டை. பார்க்கச் சாதாரணம், எடுப்பதற்குக் கடினம்; காரணம் பாகு யாருக்காகவும் காத்திருக்காது. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். அது நுரைத்துப் பொங்கி, குமிழ் பெரிதாகிக் கெட்டிப்படுகிறபோது, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டு வந்ததைக் கிண்ணத்தின் மேல் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலித்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டந்தான்: ஏலக்காயும் சுக்குப் பொடியும் வறுத்த தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் கலந்த பொரியின்மேல் பாகை ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறினால் பிடிபடாது.

பதம் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் “கொஞ்சம் நிறுத்துங்க, லென்ஸ் மாத்திக்கிறேன்” என்று சொன்னால் ஒரு ஈடு வெல்லம் பாழ். ஆகவே முதல் ஈட்டைக் கேமரா இல்லாமல் வெறுமனே பார்க்க வேண்டும்: கை எந்தப் பக்கம் போகிறது, எந்த இடத்தில் முகம் குனிகிறது, ஊற்றும்போது பாத்திரம் எந்த உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது ஈட்டில் பதம் பார்ப்பதை மட்டும், மைக்கைக் கிண்ணத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுக்க வேண்டும். எவர்சில்வர் கிண்ணமானால் கேமராவே அதில் பிரதிபலிக்கும். பித்தளையோ மண்ணோ கேட்டு வாங்கலாம், ஆனால் மண்ணில் அந்த ஒலி வராது. மூன்றாவதில் ஊற்றுவதைப் பக்கவாட்டிலிருந்தும், உருட்டுவதை நேர் எதிரே கைகளின் மட்டத்திலிருந்தும். முழு வெல்லத்தையும் ஒரே ஈடாகக் காய்ச்சாமல் சின்னச் சின்ன ஈடாகப் பிரித்துக்கொள்ளும்படி முதல் நாளே சொல்லிவைத்தால்தான் இது நடக்கும்.

கடைசியில் ஒரு உருண்டையை உடைக்கும் ஷாட். கடித்துக் காட்டுவதைவிட இரண்டு கையால் உடைப்பதே மேல். உள்ளே பொரி தெரியும், தேங்காய்ப் பல் தெரியும், மொறுமொறுப்பு காதில் விழும்.

மற்ற பலகாரங்களுக்கும் இதே முறைதான், தருணம் மட்டும் மாறும். அப்பத்துக்கு அது எண்ணெயில் மேலெழும்பி வரும் கணம். அடைக்குத் திருப்பிப் போடும் கணம். சுக்கு காபிக்குக் கோப்பையில் விழும் தாரை. நெய் ஊற்றும் ஷாட்டை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. அன்றாடம் கடையில் ஊற்றும் அளவுக்கே ஊற்றச் சொல்வது பிற்பாடு வரும் வாடிக்கையாளரின் திட்டிலிருந்து கடைக்காரரைக் காப்பாற்றும்.

சட்டத்துக்குள் பிளாஸ்டிக் கப் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கின்றன. தன் கடையில் அது புழங்குவதற்குக் கடைக்காரரே சாட்சி சேர்த்து வெளியிட்ட மாதிரி ஆகிவிடும். தொன்னையும் மந்தாரை இலையும் பாக்குமட்டையும் கேமராவிலும் அதைவிட அழகு.

ஒலி

கிரிவலப் பாதையில் அமைதி என்பது பௌர்ணமிக்கு மறுநாள் மத்தியானம்தான் கிடைக்கும். நூறடிக்கு ஒரு ஒலிபெருக்கி பாடும். நடுவே தொலைந்துபோன குழந்தையைப் பற்றிய காவல்துறை அறிவிப்பு. இதில் சத்தத்தைவிடப் பெரிய சிக்கல் பாட்டு. பக்திப் பாடல்களும் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்குள் வருபவையே. பின்னணியில் தெளிவாகக் கேட்கும் பாட்டை யூடியூப் கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை அனுப்பிவிடும். கடைக்காரருக்கு அது புரியாது. வீடியோ ஏன் ஓடவில்லை என்றுதான் கேட்பார்.

பேட்டியைக் கடையின் பின்பக்கச் சரக்கறையில், பகலில் எடுத்துவிடலாம். சாக்கு மூட்டைகள் எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். பொரியும் சத்தம், கரண்டி உரசும் சத்தம், சில்லறை போடும் சத்தம் ஆகியவற்றைப் பாட்டு இல்லாத விடியற்காலையில் தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் சேர்க்க வேண்டும். தீப நாளன்று பதிவுசெய்ய வேண்டிய ஒலி கூட்டத்தின் இரைச்சலும் அரோகராவும் மட்டும். வயர்லெஸ் மைக் அன்று கைவிடும்; லட்சக்கணக்கான செல்பேசிகள் நடுவே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விட்டுவிட்டு வரும். கம்பி மைக்கோ, சட்டைப்பையில் போடும் சின்ன ரெக்கார்டரோ பழைய பாணிதான், ஆனால் நிச்சயம்.

கூட்டத்துக்குள்

மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வலம் வருகிறார்கள். மலையை ஒட்டிய ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடது ஓரமாக நடப்பது மரபு. கூட்டத்தின் ஓட்டம் இடப்பக்கக் கடைகளை உரசிக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கடைகளை எடுக்க வேண்டுமானால் கேமரா எதிர் ஓரத்தில் நிற்க வேண்டும், அல்லது கடைக்குள்ளேயே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்க்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. கூட்டத்தை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லி எடுக்கும் ஷாட் எவ்வளவு அழகானாலும் வேண்டாம். முன்னால் நிற்பவர்கள் நின்றது பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது.

பெரும்பாலோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். விழுந்த ஸ்டாண்டுக் கால், சிந்திய சூடான எண்ணெய், உடைந்த கண்ணாடி எல்லாம் நேராகப் பாதத்தில்தான் போய் ஏறும். மூன்று கால் ஸ்டாண்டை விட்டு ஒற்றைக் கால் கம்பத்தோடு போவது நல்லது. குழுவுக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் எடுப்பார், மற்றவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று வாணலியையும் வருகிறவர்களின் காலையும் பார்த்துக்கொள்வார். கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து அடுப்பில் இடிப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

தீப நாட்களில் வண்டிகளை ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். விளக்கு, பேட்டரி, குடை எல்லாம் முந்தைய நாளே கடைக்குள் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும்; எடுப்பவர்களும் கடைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். மாலையில் செல்பேசி தொடர்பு கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, பிரிந்துபோனால் கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களில் எதன் முன்னால், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். கேமராவுக்கு உறையும் லென்ஸ் துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துண்டும் பையில் இருக்கட்டும். ஏ.சி. அறையிலிருந்து நேரே ஆவிக்கு முன்னால் போனால் லென்ஸ் வெகுநேரம் மூட்டமாகவே இருக்கும்.

வாயால் சொல்வதும் பலகையில் எழுதியிருப்பதும்

பாதையில் மூலிகை சூப், அருகம்புல் சாறு விற்கும் கடைகள் நிறைய. பல கடைகளின் பலகையில் சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று எழுதியிருக்கும். அந்தப் பலகை விளம்பர வீடியோவுக்குள் வந்தால் அந்த வாக்குறுதியும் விளம்பரத்தின் பகுதியாகிவிடுகிறது. உணவு நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. நீரிழிவு போன்ற நோய்களுக்குத் தீர்வு என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் தடுக்கிறது. பலகையை ஷாட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, பேட்டியில் கடைக்காரர் உற்சாகத்தில் சொல்லும் மருத்துவ வாக்கியங்களை வெட்டிவிடுவதே வழி. சூப்பில் என்னென்ன போடுகிறார் என்று சொல்லவைத்தால் அதுவே சுவாரசியம்.

இயற்கையானது, சுத்தமானது, பாரம்பரியமானது என்னும் சொற்களுக்கும் அதே ஒழுங்குமுறைகளில் நிபந்தனைகள் உண்டு. ஜவ்வாது மலைச் சாமை என்று சொன்னால் அது ஜவ்வாது மலையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கடையில் விற்கும் லட்டையோ பொங்கலையோ பிரசாதம் என்று சொல்வது சட்டம் பார்ப்பதற்கு முன்பே ஊர் மன்னிக்காத காரியம்.

பிரபலமான சேனல்காரர் ஒருவர் காசோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு கடையைப் புகழ்ந்தால், அந்த உறவை வீடியோவிலேயே, வீடியோவின் மொழியிலேயே சொல்லியாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாக்கியது. ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைப்பது சொன்னதாக ஆகாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

வெட்டுவதும் வெளியிடுவதும்

தமிழில் உணவு வீடியோ என்றாலே பலருக்கு நினைவில் வருவது புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அந்த மாதிரியிலேயே வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். அந்தச் சேனல்காரர்கள் திறந்த வயலில், தங்களுக்காகவே மூட்டிய அடுப்பில், நினைத்தபோது நிறுத்தி எடுக்கிறார்கள். திருவிழாக் கடையில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. பொரி உருண்டை மாதிரி ஒரே ஒரு பலகாரத்தை அந்த நிதானத்தோடு காட்டிவிட்டு, மீதியைக் கூட்டத்தின் வேகத்திலேயே வெட்டுவது பொருந்தும்.

45 நொடிக்குள் முடிகிற நெட்டுவாக்கு வீடியோ போதும். உருண்டை உடைவதோ பாகு விழுவதோ முதல் ஷாட்டாக வரட்டும். மலையும் கோபுரமும் இரண்டாவதாக வரலாம். அவற்றை முதலில் வைத்தால் பார்ப்பவர் ஆன்மிக வீடியோ என்று நினைத்து நகர்ந்துவிடுவார். கடைசியில் கடையின் இடம். வெளியூர்க்காரருக்குத் தெருப் பெயர் புரியாது. கிரிவலம் வருகிற எல்லோருக்கும் அஷ்டலிங்கம் தெரியும். “யம லிங்கம் தாண்டி, நிருதி லிங்கத்துக்கு முன்னாடி, மலைக்கு எதிர்ப்பக்கம்” என்று போட்டால் நடந்து வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

வெளியிடும் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீப நாள் மாலையில் எடுத்து, அன்றே போட வேண்டும் என்று கடைக்காரர் துடிப்பார். அன்று நெட்வொர்க் இருக்காது. இருந்தாலும் பார்த்துவிட்டு வரக்கூடியவர் ஏற்கெனவே ஊருக்குள் நடந்துகொண்டிருப்பார். தீபத்துக்கு ஆள் வர வேண்டுமானால் கொடியேற்றத்திலிருந்து மூன்று நான்கு நாளுக்குள் எடுத்ததை வெட்டி, தேரோட்டத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். தீப நாளில் எடுத்த கூட்டமும் அதற்குப் பின் எடுத்த ஜோதி ஷாட்டும் அடுத்த பௌர்ணமிக்கான இரண்டாவது வீடியோவுக்குச் சரக்கு.

படுக்கப் போகும் முன் அன்றன்றைய கார்டுகளை இரண்டு இடத்தில் நகலெடுத்து, நாளின் பெயரை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் கூட்டமும் பத்தாம் நாள் கூட்டமும் பிறகு பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும். விலையை வீடியோவின் படத்தில் எழுத்தாக மட்டும் போட வேண்டும், கடைக்காரர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. வெல்லம் விலை ஏறினால் எழுத்தை மாற்றி மறுபடி ஏற்றிவிடலாம். தற்காலிகக் கடையானால் திருவிழா முடிந்ததும் இடத்தைக் குறிக்கும் வரியையும் எடுத்துவிட வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு அந்த இடத்தில் வேறொருவர் சுண்டல் விற்றுக்கொண்டிருப்பார்.